லாக் சுத்தமா இருக்கு

வாங்க சார், வாங்க. போன்ல பேசினது நீங்கதான? பஸ் ஸ்டாப்புல இருந்து இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருந்தா வண்டியில வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே. உக்காருங்க, உக்காருங்க. இந்தா, இதுதான் பெட்டி. விளம்பரத்துல இருந்த படம் இதோடதுதான், வேற எங்கயும் இருந்து எடுத்துப் போடலை. டிவியில சொருகிட்டீங்கன்னா டிஸ்க்ல நீங்க ஏத்தி வைக்கிற படம், பாட்டு, வீட்டு வீடியோ எல்லாம் ஓடும். டிஸ்கும் சேத்துத்தான் தர்றேன். அதுல இருந்ததையெல்லாம் சுத்தமா அழிச்சு வச்சிருக்கேன்.

என்ன கேட்டீங்க? நடுவுல நின்னு போகுமான்னா? நல்ல கேள்வி சார். கேக்கணும். பழைய சாமான் வாங்குறவன் கேக்கத்தான் செய்யணும். வேற எவனாவது இருந்தா, "ஐயோ தங்கம் மாதிரி சார்"னு சொல்லி உங்க தலையில கட்டிருவான். நான் அப்படி இல்லை. நான் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துக்கிற ஆளு. பசங்க, வாத்தியாருங்க எல்லாரும் வந்து நிப்பாங்க, "சார், ஒண்ணுமே பண்ணலை, தானா நின்னு போச்சு"ன்னு. அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். தானா எதுவும் நிக்காது சார். யாரோ ஒருத்தர் எதையோ பண்ணியிருப்பாங்க. லாக் எடுத்துப் பாத்தா தெரிஞ்சு போயிரும்.

லாக்னா பெரிசா ஒண்ணும் இல்லை. எந்த ஃபைலைத் திறந்தோம், எவன் எந்தப் பட்டனை அமுக்கினான், எங்க விழுந்தோம், அதாவது எங்க நின்னு போனோம்னு பெட்டி தானே வரி வரியா எழுதி வச்சுக்கும். நம்ம ஆளுங்க மழுப்புவாங்க, அழுவாங்க, சத்தியம் பண்ணுவாங்க. பெட்டி அதெல்லாம் பண்ணாது. நடந்ததை நடந்தபடி எழுதும். அந்த லாக்கை மட்டும் நான் அழிக்கலை, வாங்குறவருக்குக் காட்டணும்னே வச்சிருக்கேன்.

சரி, மறைக்காமச் சொல்லிர்றேன். இந்தப் பெட்டி நடுவுல கொஞ்ச காலம் விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பெட்டி மேல தப்பு இல்லை. அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே, அதைச் சொன்னா நீங்களே பெட்டியை நம்பி எடுத்துட்டுப் போவீங்க.

இதை முதல்ல வாங்கினது எங்க அப்பாவுக்காகத்தான். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவரு. கம்பத்துல ஏறினா குரங்கு தோத்துரும்பாங்க. அம்மா செத்து அடுத்த வருஷமே வாதம் அடிச்சுருச்சு. வலது கை வராது, வலது கால் வராது. பேச்சும் போச்சு. ஆ ஊன்னு சத்தம் வரும், வார்த்தை வராது. இடது கை மட்டும் ரிமோட் அமுக்குற அளவுக்கு வேலை செய்யும். நான் என்ன பண்ணேன், அவரு ரூம்ல ஒரு டிவியை மாட்டி, இந்தப் பெட்டியை வச்சு, சாமி படம், பழைய படம், பழைய பாட்டுன்னு அம்புட்டும் ஏத்திக் கொடுத்தேன். பெத்த அப்பனுக்கு இப்படிச் செய்ற பிள்ளை இந்தத் தெருவுல யாரு இருக்கா? போய் விசாரிச்சுப் பாருங்க.

இதே பெட்டிதான் ஹால் டிவிக்கும் படம் அனுப்பும். அப்படி நான் செட் பண்ணியிருந்தேன். அதுல ஒரு சங்கடம் என்னன்னா, அவரு ரூம்ல விழுந்தா இங்க எனக்கும் நின்னு போகும். நான் வாரம் பூரா வேலைக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு படம் பாக்க உக்காருவேன். நல்ல இடம் வரும். டப்புனு திரை கருப்பாயிரும். உள்ள அப்பா ரிமோட்டை வச்சு கட்டில் கம்பியில டொக்கு டொக்குனு அடிப்பாரு. எந்திரிச்சுப் போய்ப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் டப்பு, மறுபடியும் டொக்கு டொக்கு. மனுஷனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

பகல்ல அவரைப் பாத்துக்க பஞ்சவர்ணம்னு ஒரு அம்மாவை வச்சிருந்தோம். எனக்கு முதல்ல அந்தம்மா மேலதான் சந்தேகம். நாங்க வேலைக்குப் போனதும் சீரியல் பாக்கப் பெட்டியை நோண்டுதுன்னு நினைச்சேன். கூப்பிட்டுக் கேட்டேன். "நான் தொடவே இல்லை சார், ஐயாதான் கையை விட்டு எடுக்க மாட்டேங்குறாரு"ன்னுச்சு. மாட்டிக்கிட்டதும் வாய் பேச முடியாதவர் மேல பழியைப் போடுது பாருங்கன்னு எனக்கு வந்துச்சே கோவம். அன்னைக்கே நின்னுக்கச் சொல்லிட்டேன். அப்பா அந்தம்மா போற வழியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. லாக்ல பின்னாடி பாத்தா அந்தம்மா மேல தப்பு இல்லைதான். அதுக்காக அனுப்பின ஆளை மறுபடி கூப்பிட்டு வச்சா வீட்டுல நம்ம பேச்சுக்கு என்ன மரியாதை இருக்கும்? விட்டுட்டேன்.

அந்தம்மா போயும் பெட்டி விழுந்துச்சு. சூடாகுதோன்னு சின்ன ஃபேன் வச்சேன். கரண்ட் பத்தலையோன்னு அடாப்டரை மாத்தினேன். டிஸ்க் வயரை மாத்தினேன். பெட்டிக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேரை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினேன். ம்ஹும். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து, ஒண்ணு விடாம எழுதுற மாதிரி லாக்கை மாத்தி வச்சேன். அதை முதல்லயே பண்ணியிருக்கணும். அடுத்த வாரம் எடுத்துப் பாத்தா, சார், எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

இத்தனை தடவை விழுந்திருக்கே, அத்தனை தடவையும் ஒரே ஃபைலு. சினிமா கிடையாது, பாட்டு கிடையாது. எங்க அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாண வீடியோ. அதுலயும் ஒரே இடம். பின்னால தள்ளியிருக்காரு, அந்த இடத்துக்குப் போயிருக்காரு, கொஞ்சம் ஓடவிட்டிருக்காரு, மறுபடி பின்னால தள்ளியிருக்காரு. பக்கம் பக்கமா அதேதான். காலையில அது, மத்தியானம் அது, சாயங்காலம் அது. நான் ஏத்திக் கொடுத்த சாமி படத்தையெல்லாம் ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கலை. நன்றி இருக்கா பாருங்க.

அப்படி என்னதான் இருக்கு அந்த இடத்துலன்னு நானும் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்லை சார். அதைச் சொல்லணும்னா எங்க அம்மா கதையைச் சொல்லணும். எங்களுக்கு வத்திராயிருப்புப் பக்கம். சதுரகிரி மலை தெரியும்ல, மேல மகாலிங்க சாமி. எங்க பக்கம் தெருவுக்கு ரெண்டு மகாலிங்கம் இருப்பான். எங்க அப்பா பேரும் அதான். எங்க அம்மா பழைய காலத்து ஆளு, புருஷன் பேரை வாயில எடுக்காது. அது பரவாயில்லை, ஊர்ல எல்லாப் பொம்பளையும் அப்படித்தான். இது சாமி பேரையும் எடுக்காது! மலைக்குக் கும்பிடப் போனாக்கூட "மலைக்காரரே காப்பாத்துங்க"ன்னுதான் கும்பிடும். ரேஷன் கடையில குடும்பத் தலைவர் பேரு என்னன்னு கேட்டா, என்னைப் பிடிச்சு முன்னால தள்ளும். நான்தான் சொல்லணும். ஆஸ்பத்திரியில அட்மிட் பண்றப்ப, மூச்சு விட முடியாமக் கெடக்கு, நர்ஸ் புருஷன் பேரு கேக்குது, அப்பவும் என்னைத்தான் பாக்குது. பட்டிக்காட்டுத்தனம்.

அந்த வீடியோவுல என்னன்னா, கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள வர்றாங்க. எங்க அத்தை மக்க, பெரியம்மா மக்கன்னு பொம்பளைங்க கூட்டம் வாசப்படியை மறிச்சுக்கிட்டு நிக்குது. "பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவோம்"னு ஒரே ரகளை. அம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அப்பா முதுகுக்குப் பின்னால போய் ஒளியுது. ஒருத்தி பிடிச்சு முன்னால இழுக்குறா. அப்பா எங்கயோ மேல பாத்துக்கிட்டு நிக்குறாரு. அப்புறம் அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மகாலிங்கம்"ங்குது. அம்புட்டுத்தான். காதுல சரியாக்கூட விழாது. எல்லாரும் ஓன்னு கத்துறாங்க. அம்மா அவரு தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்குது. அப்பா சிரிக்கிறாரு பாருங்க, பல்லு அம்புட்டும் தெரியுது. அவரை அப்படி நான் பாத்ததே இல்லை. அறுபது வயசு ஆளு அப்படி இளிச்சா நல்லாவா இருக்கு?

வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான் அம்மா சொல்லியிருக்கு. அதுக்கு முன்னயும் இல்லை, பின்னயும் இல்லை. அதைக் கேக்கத்தான் மனுஷன் என் பெட்டியைப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்காரு.

ஏன் விழுதுன்னா, அந்த வீடியோவை ஒரு டிவிடியில இருந்து நான்தான் காப்பி எடுத்தேன். டிவிடியில கீறல். அதனால அந்த இடத்துல ஃபைல் அடிபட்டிருக்கு. நேரா ஓடவிட்டா லேசா ஒரு குலுக்கு குலுக்கிட்டுப் போயிரும். பின்னால தள்ளி அதே இடத்துல போய் இறங்கினா பெட்டிக்குத் தாங்காது, விழுந்துரும். எல்லாம் லாக்ல தெளிவா இருக்கு.

முதல்ல நான் ரிமோட்ல பின்னால தள்ற பட்டன் வேலை செய்யாதபடி பண்ணேன். அவரு சும்மா இருக்கலை. அந்த இடம் வந்ததும் நிறுத்திருவாரு, திரும்பத் திறப்பாரு. விட்ட இடத்துல இருந்து ஓட ஆரம்பிக்கும்ல? நேரா உடைஞ்ச இடத்துலயே இறங்கும். திறந்தா விழும், திறந்தா விழும். முன்னைக்கு இப்ப மோசம். ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு எப்படி வழி கண்டுபிடிக்கிறாரு பாருங்க. மூளை நல்லாத்தான் வேலை செய்யுது, நம்மளைத் தொல்லை பண்றதுக்கு மட்டும்.

என் வீட்டுக்காரி, சுபாஷிணி, அவதான் சொன்னா. "அந்த ஃபைலைச் சரி பண்ண முடியாதாங்க? மாமா பாவம், அத்தை குரலைத்தானே கேக்குறாரு"ன்னா. முடியாம என்ன? அதைத் திரும்ப ஒரு தடவை மாத்தி ஏத்தினா சரியாயிரும். காபி குடிச்சு முடிக்கிற நேரத்து வேலை. ஆனா அது தீர்வு இல்லையே. கோளாறு எங்க இருக்கு? ஃபைல்லயா? எங்க தொழில்ல யூசர்னு சொல்லுவோம், உபயோகப்படுத்துற ஆளு. கோளாறு அங்க இருக்கு. ஃபைலைச் சரி பண்ணிக் கொடுத்தா அவரு நாள் பூரா இன்னும் நிம்மதியா அதையே போட்டுக்கிட்டு இருப்பாரு. பழக்கத்தை மாத்த வேண்டாமா? அதனால அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டேன். வாசப்படியில கூட்டம் நிக்கும், அடுத்தது பந்தியில இலை போடுவாங்க. ஒட்டினதே தெரியாது, அவ்வளவு நேர்த்தியா வெட்டியிருந்தேன்.

எந்த மாத்தம் பண்ணாலும் யூசரைப் பக்கத்துல வச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும், அதான் முறை. ரிமோட் பட்டனையும் திரும்ப வேலை செய்ய வச்சு அவரு கையில கொடுத்துட்டு, நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டேன். போட்டாரு. மணவறை, தாலி, ஆசீர்வாதம், வாசப்படி. அந்த இடம் வருதுன்னதும் தலையணையில இருந்து தலையைத் தூக்குறாரு சார். கூட்டம் நிக்குது. இலை போட்டாச்சு. அவரு பின்னால தள்ளினாரு. கூட்டம், இலை. மறுபடி தள்ளினாரு. கூட்டம், இலை. எத்தனை தடவை தள்ளினாருன்னு எனக்கே தெரியாது. பெட்டி அசையலை! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "பாத்தீங்களாப்பா, சரி பண்ணிட்டேன்"னேன். அவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் ரிமோட்டை எங்கிட்ட நீட்டினாரு. நீட்டிக்கிட்டே இருக்காரு. ஆன்னு சத்தம் வேற. சரி, பாத்து முடிச்சுட்டாரு போலன்னு வாங்கி மேசையில வச்சுட்டு வந்துட்டேன்.

சுபாஷிணி ரெண்டு மூணு நாள் எங்கூடப் பேசலை. "வெட்டின துண்டு எங்க இருக்கு, அதையாவது கொடுங்க"ன்னு கேட்டா. அதை எதுக்கு வச்சிருக்கணும்? அழிச்சாச்சு. டிவிடி முன்னயே பழைய பேப்பர்காரன்கிட்ட போயிருச்சு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது.

அதுக்கப்புறம் லாக்கைப் பாருங்க. இந்தா, என் போன்லயே இருக்கு. இது பழசு, சிவப்பா இருக்கிறதெல்லாம் விழுந்தது. இங்கதான் நான் சரி பண்ணேன். இங்க இருந்து பாருங்க, ஒரு சிவப்பு இருக்கா? தேடிப் பாருங்க. முதல்ல கொஞ்ச நாள் நான் வெட்டி ஒட்டின அந்த இடத்துல போய்த் தேடியிருக்காரு. வாசப்படி வரைக்கும் போறது, பின்னால வர்றது, போறது, வர்றது. அப்புறம் அதுவும் குறைஞ்சு போச்சு. அப்புறம் ஆன் பண்றதையே விட்டுட்டாரு. லாக் அவ்வளவு சுத்தமா இருக்கு.

என்ன சார்? ஆன் பண்ணாத பெட்டி எப்படி விழும்னு கேக்குறீங்களா? குதர்க்கமாப் பேசுறீங்களே. ஹால்ல நான் ஓட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்? இப்பப் புதுசா பெரிசா ஒண்ணு வாங்கிட்டேன், அவரும் பாக்கிறதில்லை, சும்மா கெடக்குதேன்னுதான் விக்கிறேன். அவரு ரூம் டிவியையும் கழட்டியாச்சு. இப்ப சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. தொந்தரவு இல்லை.

தொந்தரவு இல்லைன்னு சொல்லக்கூடாது, ஒண்ணு புதுசா ஆரம்பிச்சுருக்கு. ஆனா அதுலயும் ஒரு நல்லது நடந்துச்சு. கேட்டா ஆச்சரியப்படுவீங்க. பேச்சுப் பயிற்சி கொடுக்குற பொண்ணு வீட்டுக்கு வந்து மாசக்கணக்குல அம்மா சொல்லுங்க, அப்பா சொல்லுங்கன்னு கத்திப் பாத்துச்சு, ஒரு எழுத்து வரலை. இப்பத் தானா வந்துருச்சு. ஒரே ஒரு வார்த்தை. "மகா... மகாலிங்..."னு. வாய் கோணிக்கிட்டு, எச்சில் வழிய, அரும்பாடுபட்டுச் சொல்றாரு. டாக்டரே அசந்துட்டாரு. "தன் பேரைச் சொல்றாரே, நல்ல அறிகுறி"ன்னாரு. நான் அந்த வீடியோவை வெட்டலைன்னா இது வந்திருக்குமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஓயாமச் சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் அவரு குரல்ல சொன்னாலும் பரவாயில்லை. மெல்லிசா, இழுத்து, பொம்பளைக் குரல்ல சொல்றாரு. சொல்லிட்டு ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேக்குறாரு. சரியா வரலை போல, தலையை ஆட்டிக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாரு. சுபாஷிணி அந்த ரூமுக்குள்ள போனாலே அழுதுட்டு வர்றா. ஒரு நாள் எனக்குத் தாங்கலை. பேருதான உனக்கு வேணும்னு நேராக் கட்டில்கிட்ட போய் நின்னு, "மகாலிங்கம்!"னேன். சத்தமாவே சொன்னேன். பெத்த அப்பனைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாரு பாருங்க.

அவரு அப்படியே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணுல தண்ணி ஓடுது. வாதம் வந்தா அப்படித்தான், கண்ணு தானா ஒழுகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அன்னைக்குப் பூரா வாயைத் திறக்கலை. அப்பத்தான் எனக்கு வழி தெரிஞ்சுச்சு. இப்பல்லாம் அவரு ஆரம்பிச்சா நான் எந்திரிக்கக்கூட வேண்டியதில்லை. இங்க இருந்தே...

இந்தா, ஆரம்பிச்சுட்டாரு. கேக்குதா உங்களுக்கு? "மகா... மகா..."ன்னு? ஏன் சார் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, பயப்படாதீங்க. இருங்க, இப்பக் காட்டுறேன்.

மகாலிங்கம்! ஏய், மகாலிங்கம்!

பாத்தீங்களா? நின்னு போச்சு.